போபி லாரியில் ஏறும் கன்றுகள்: அடுத்த பருவத்துக்கு எந்தக் காளையின் விந்து போடலாம்?

வைக்காட்டோ_பண்ணையாள் | 2024 செப்டம்பர் 8

வணக்கம். நியூசிலாந்தில் வைக்காட்டோ பகுதியில் ஒரு பால் பண்ணையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். 420 பசுக்கள். பெரும்பாலும் பிரீசியனும் ஜெர்சியும் கலந்தவை, இங்கே கிவிகிராஸ் என்பார்கள். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை எல்லாம் ஒன்றாகக் கன்று போடும். புல் வளரும் காலமும் பால் சுரக்கும் காலமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக இப்படி ஏற்பாடு.

இந்தப் பருவம் பிறந்தவை 415 கன்றுகள். மந்தைக்கென்று 96 கிடாரிக் கன்றுகளை வைத்துக்கொண்டோம். ஹியர்ஃபோர்டு என்ற இறைச்சி இனம் கலந்த வெள்ளைமுகக் கன்றுகள் 65, கன்று வளர்ப்பவர்கள் வாங்கிப் போனார்கள். 9 செத்துவிட்டன. மிச்சம் 245 கன்றுகளும் போபி லாரியில் ஏறின.

போபி என்றால் பிறந்து நாலைந்து நாளில் இறைச்சிக்கூடத்துக்குப் போகும் கன்று. நாடு முழுக்க வருடத்துக்கு 20 இலட்சத்தை ஒட்டி இப்படிப் போகின்றன. விதிகள் கடுமையாகவே இருக்கின்றன. நான்கு நாள் முழுதாக முடிந்திருக்க வேண்டும், தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், வயிறு நிறையப் பால் குடித்திருக்க வேண்டும், லாரிப் பயணம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பண்ணையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் காலையில் பால் கொடுத்த அதே கையால் மத்தியானம் ஏற்றி அனுப்புகிறேன். விரலைச் சப்பிக்கொண்டே ஏறும். ஆறு வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை.

2023 ஜூன் 1 முதல் ஃபான்டெரா என்ற பால் கூட்டுறவு நிறுவனத்துக்குப் பால் ஊற்றுகிறவர்கள் வேண்டாத கன்றைப் பண்ணையிலேயே கொல்லக் கூடாது, நோய் காயம் போன்ற காரணம் இருந்தால்தான். எனவே எல்லாக் கன்றுக்கும் போக ஓர் இடம் வேண்டும். முதலாளி "அடுத்த பருவத்துக்கு இனவிருத்தித் திட்டம் நீயே போட்டுக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். அக்டோபர் 10 அன்று சினை ஊசி தொடங்குகிறது. இறைச்சி இனக் காளையின் விந்தை அதிகமாகப் போட்டு, வளர்க்க ஆள் கிடைக்கிற கன்றாகப் பிறக்க வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஈரோட்டுக்_கொட்டகை | 2024 செப்டம்பர் 8

தம்பி, ஒரு சந்தேகம். நான் வைத்திருப்பது எட்டு உருப்படி, உங்கள் கணக்கு எனக்குப் புதிது. அவ்வளவு புல் இருக்கும்போது காளைக் கன்றை அங்கேயே விட்டு வளர்த்து விற்க ஏன் ஆளில்லை?

---

வைக்காட்டோ_பண்ணையாள் | 2024 செப்டம்பர் 9

அண்ணா, ஆள் இருக்கிறார்கள், ஆனால் எல்லாக் கன்றையும் எடுப்பதில்லை. சுத்த பிரீசியன் காளைக் கன்றுக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு. காயடிக்காமல் வளர்த்து, கொழுப்புக் குறைந்த இறைச்சியாக அமெரிக்காவின் ஹாம்பர்கருக்குப் போகும். ஜெர்சி கலந்தால்தான் கஷ்டம். உடம்பு சிறியது, வளர நாளாகும், கொழுப்பு மஞ்சளாக இருக்கும். புல்லில் உள்ள கரோட்டின் ஜெர்சியின் கொழுப்பில் அதிகம் தங்குவதால் அந்த நிறம். சாப்பிட ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் கண்ணுக்குக் கிழட்டு மாட்டு இறைச்சி போலத் தெரிகிறது. எங்கள் மந்தையில் பாதிக்கு மேல் ஜெர்சி ரத்தம் இருக்கிறது.

---

கால்நடை_மருத்துவர்_நாமக்கல் | 2024 செப்டம்பர் 9

நல்ல கேள்வி. சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிடாரிக் கணக்கைப் போடுங்கள். இறைச்சிக் காளைக்கு எத்தனை பசுக்களை விடலாம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு 95 கிடாரிகள் வேண்டும், சாவு போக 100 பிறக்க வேண்டும் என்று வைப்போம். சாதாரண விந்தில் பாதி காளை, எனவே 200 கன்று பிறக்க வேண்டும். ஒரு ஊசிக்குச் சினை பிடிப்பது 55 சதவீதம் என்றால் ஏறக்குறைய 360 ஊசி. உங்கள் மந்தையே அதில் முடிந்துவிடுகிறது. பாலினம் பிரித்த விந்தில் பத்தில் ஒன்பது கிடாரி, ஆகவே 111 கன்று போதும். சினை பிடிப்பு 50 என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 220 ஊசிதான். மிச்சப் பசுக்கள் எல்லாம் இறைச்சிக் காளைக்கு.

எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணுவில் மரபுப்பொருள் சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொரு அணுவாக அந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். அந்தப் பாடு பட்டு வருகிற அணுக்கள் சற்றுக் களைத்தே இருக்கும், விந்து அடைத்த குச்சிக்குள் அவற்றின் எண்ணிக்கையும் குறைவு. அதனால் பருவ அறிகுறி தெரிந்தவுடன் போடாமல் சற்றுத் தாமதித்து, முட்டை வெளிவரும் நேரத்தை ஒட்டிப் போட வேண்டும். நன்றாகப் பருவத்துக்கு வந்த, கருப்பை சுத்தமான, இளம் பசுக்களுக்கு மட்டும் போடுங்கள். நஞ்சுக்கொடி தங்கின பசுவுக்கு விலை உயர்ந்த குச்சியைப் போட்டு வீணாக்காதீர்கள்.

அடுத்தது எந்த இறைச்சி இனம் என்பது. ஆங்கஸ் என்றால் கொம்பில்லாத தன்மை ஓங்கு பண்பு. சுத்த ஆங்கஸ் காளைக்குப் பிறக்கும் கன்றுக்குக் கொம்பு வராது, சுடுகிற வேலை மிச்சம். ஹியர்ஃபோர்டுக்கு வெள்ளை முகம் ஓங்கு பண்பு. கருப்புப் பசுவுக்குப் பிறந்தாலும் முகத்தைப் பார்த்தே தகப்பன் யார் என்று சந்தையில் சொல்லிவிடலாம். ஷரோலே, லிமூசின் கன்றுகள் கனமானவை, சதைப்பற்று அதிகம், ஆனால் ஈனும்போது சிரமம் கூடும், சினைக் காலமும் நீளும். லிமூசினுக்கு ஒரு வாரம்போல் கூடுதல். பெல்ஜியன் ப்ளூவில் தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவே பழுதானது. இரண்டு பக்கமும் அந்தப் பழுது இருந்தால்தான் இரட்டைத் தசை. பெல்ஜியத்தில் சுத்த இனப் பசுக்களுக்கு அறுவை செய்துதான் கன்றை எடுக்கிறார்கள். கலப்பில் ஒரு பக்கம் மட்டும் வருவதால் அவ்வளவு ஆபத்து இல்லை. இருந்தாலும் ஜெர்சி உடம்புப் பசுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனத்தின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஆங்கஸ் இனத்துக்குள் ஒரு காளைக்கும் இன்னொரு காளைக்கும் இருக்கும் வித்தியாசம், ஆங்கஸுக்கும் ஹியர்ஃபோர்டுக்கும் இருக்கும் சராசரி வித்தியாசத்தைவிடப் பெரியது. காளையின் மரபு மதிப்பெண்ணைப் பாருங்கள்.

---

தரனாக்கி_அக்கா | 2024 செப்டம்பர் 10

நான் மட்டக்களப்புப் பக்கம். இங்கே நியூசிலாந்தின் தரனாக்கியில் பதினோரு வருடமாய்க் கன்று வளர்த்து விற்கிறேன். நாலு நாள் கன்றை வாங்கி, பால்மா கரைத்துக் கொடுத்து, 100 கிலோ வந்ததும் புல்வெளிக்காரருக்கு விற்பதுதான் தொழில். மூன்று மாதத்துக்குக் கிட்டப் பிடிக்கும். ஒரு கன்றுக்குப் பால்மா மட்டும் 20 கிலோவுக்கு மேலே போகும்.

தம்பி, நீங்கள் எல்லாரும் பசு ஈனுகிற நாள் வரைக்கும்தான் யோசிக்கிறீர்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் செலவே தொடங்குகிறது. கன்று நல்லதோ கெட்டதோ, குடிக்கிற பால் ஒன்றுதான். 100 கிலோ எழுபது நாளில் வருமா, நூறு நாளில் வருமா என்பதில்தான் என் லாபமும் நட்டமும். அதைத் தீர்மானிப்பது தகப்பன் யார் என்பதும், முதல் நாள் சீம்பால் எவ்வளவு குடித்தது என்பதும். இரண்டையும் நான் பார்க்க வழியில்லை. சந்தையில் வெள்ளை முகத்தைப் பார்த்து நம்பி வாங்குகிறேன். அந்த முகத்துக்குப் பின்னால் ஒரு நல்ல காளையும் இருக்கலாம், பக்கத்துப் பண்ணையில் வாடகைக்கு வந்த சவலை நாம்பனும் இருக்கலாம்.

2017இல் தென் கேன்டர்பரியில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற மாட்டு நோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். கன்று எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று அப்போது அரசாங்கம் தேடின தேடல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் தெரிந்த இரண்டு வளர்ப்பவர்கள் அந்த வருடத்தோடு கொட்டகையை மூடினார்கள். அதற்குப் பிறகு நான் நாலு பண்ணைக்கு மேலே வாங்குவதில்லை. தெரிந்த இடத்தில் நேராகவே வாங்குகிறேன்.

என்னிடம் கேட்டால் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் எதுவானாலும் சரி. தகப்பனின் குறியீட்டு எண்ணை எழுதிக் கொடுங்கள். சந்தை விலைக்கு மேலே தருவேன்.

---

வைக்காட்டோ_பண்ணையாள் | 2024 செப்டம்பர் 11

டாக்டர், அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. டாக்டரின் கணக்கை முதலாளியிடம் காட்டினேன். பாலினம் பிரித்த விந்துக்குச் சம்மதித்துவிட்டார். இறைச்சிக் காளை என்றதும், "ஈன்றதில் பசுவுக்குச் சேதம் வரக் கூடாது, நாள் தள்ளக் கூடாது. மற்றது எனக்கு முக்கியமில்லை" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மே மாதம் எல்லாப் பசுவும் ஒரே சமயத்தில் வற்றவிடப்படும். பத்து நாள் தாமதமாக ஈன்ற பசு பத்து நாள் பாலை இழந்தது இழந்ததுதான். அடுத்த அக்டோபருக்குள் திரும்பப் பருவத்துக்கும் வராது. முன்பு தாமதமாகும் பசுக்களுக்கு ஊசி போட்டு முன்கூட்டியே ஈனவைப்பார்கள். 2015 ஜூன் முதல் வழக்கமாக அப்படிச் செய்வதற்கு இங்கே தடை. அந்த இடத்துக்கு வந்ததுதான் குறுகிய சினைக்கால விந்து. அப்படித் தேர்ந்தெடுத்த ஹியர்ஃபோர்டு காளைகள் கிடைக்கின்றன, கன்று பல நாள் முன்னதாகவே பிறந்துவிடும். முதலாளி அதையே எல்லாப் பசுவுக்கும் போடச் சொல்கிறார்.

---

கார்க்_புல்வெளி | 2024 செப்டம்பர் 11

அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். கார்க் கவுன்டியில் தீவன ஆலோசகர் வேலை. உங்கள் முதலாளி சொன்ன அதே வார்த்தையை இங்கே பத்து வருடமாகக் கேட்கிறேன்.

ஐரோப்பாவில் 1984 முதல் பாலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு இருந்தது. 2015 ஏப்ரலில் அது போனதும் அயர்லாந்தில் கறவைப் பசுக்கள் பல இலட்சம் கூடின. பசு கூடினால் கன்றும் கூடும். பால்காரர் விரும்பியது சிறிய கன்று, சீக்கிரம் பிறக்கிற கன்று. விந்து விற்பவர்களும் அதற்கேற்ற காளைகளையே முன்னால் வைத்தார்கள். அந்தக் கன்றுகளை வாங்கி இரண்டு வருடம் வளர்த்தவர்களோ எடை வரவில்லை என்று தலையில் கை வைத்தார்கள். வாங்க ஆளில்லாத இளங்கன்றுகள் ரோஸ்லேர் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பிரான்சின் ஷெர்பூர் வழியாக நெதர்லாந்தின் கன்று இறைச்சிப் பண்ணைகளுக்குப் போயின. அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே நடந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

2019இல் அயர்லாந்து மாட்டின இனவிருத்திக் கூட்டமைப்பு ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. பால் மந்தையில் பயன்படுத்தப்படும் இறைச்சிக் காளைக்கென்றே தனிக் குறியீடு. ஈனும் சிரமம், சினைக்கால நீளம் ஒரு பக்கம். உரித்த எடை, உடல் வாகு, தின்னும் தீவனம் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் யூரோக் கணக்கில் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் தேடினால் எளிதாக ஈனவைக்கும், அதே சமயம் எடையும் தரும் காளைகள் இருக்கின்றன. நிறைய இல்லை, ஆனால் இருக்கின்றன. அடுத்த படியாக, கன்றின் இறைச்சி மதிப்பையே மரபணுவைக் கொண்டு கணக்கிட்டுச் சந்தையில் திரையில் போடுகிறார்கள். தரனாக்கி அக்கா கேட்ட தகப்பன் எண் இங்கே அப்படித்தான் கன்றோடு கூடவே போகிறது.

---

தரனாக்கி_அக்கா | 2024 செப்டம்பர் 11

குறுகிய சினைக்கால ஹியர்ஃபோர்டு எனக்கும் தெரியும். சின்னதாய்ப் பிறக்கும். கன்று கெட்டதென்று சொல்லமாட்டேன், ஆனால் கடைசியில் பிறக்கிறது. செப்டம்பரில் வாங்கினால், இங்கே டிசம்பரில் தொடங்கும் கோடையின் வறட்சி வரும்போது 100 கிலோ எட்டியிருக்காது. புல்வெளிக்காரர் ஜனவரிக்குப் பிறகு வாங்கவும் தயங்குவார். அதனால்தான் தாமதக் கன்றை நான் எடுப்பதில்லை, எந்த முகமானாலும் சரி.

முதலாளிக்குச் சொல்லுங்கள்: மோசமான பசுக்களுக்கு முதல் வாரத்திலேயே இறைச்சி விந்தைப் போடச் சொல்லுங்கள். எல்லாப் பசுவுக்கும் ஐந்து வாரம் பால் விந்து, மிச்சத்துக்குக் கடைசியில் இறைச்சிக் காளை என்று வைப்பதால்தான் எனக்கு வருகிற கன்றெல்லாம் தாமதமாக வருகிறது. கொட்டகையில் இடம் இருக்கும்போது கன்று இல்லை, கன்று வரும்போது இடமும் இல்லை, பாலும் இல்லை.

---

கால்நடை_மருத்துவர்_நாமக்கல் | 2024 செப்டம்பர் 12

அக்கா சொன்னது எனக்கே புதிய பாடம். நானும் கிடாரிக் கணக்கையே முன்னால் வைத்தேன், எந்த வாரம் போடுவது என்று யோசிக்கவில்லை.

கிடாரிக்கும் முதல் வாரம் வேண்டும், இறைச்சிக் கன்றுக்கும் முதல் வாரம் வேண்டும். பாலினம் பிரித்த விந்து இருந்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது. தரத்தில் மேல்பாதிப் பசுக்களுக்கு முதல் மூன்று வாரம் பாலினம் பிரித்த விந்து, கீழ்ப்பாதிக்கு அதே மூன்று வாரம் எடை தரும் இறைச்சிக் காளை. நாலாம், ஐந்தாம் வாரத்தில் சினை நிற்காமல் திரும்பப் பருவத்துக்கு வரும் நல்ல பசுக்களுக்குச் சாதாரணப் பால் விந்து. அதற்குப் பிறகு வருபவற்றுக்கு மட்டும் முதலாளி விரும்பும் குறுகிய சினைக்கால ஹியர்ஃபோர்டு.

---

விஸ்கான்சின்_தமிழன் | 2024 செப்டம்பர் 14

அமெரிக்கப் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கை. இங்கே 2017க்குப் பிறகு பால் மந்தைகளில் ஆங்கஸ் விந்து வெள்ளம் போல வந்தது. இப்போது வருடத்துக்கு 70 இலட்சம் குச்சிகளுக்கு மேல் பால் மந்தைக்கே போகின்றன. காரணம் கண்ணுக்குத் தெரிந்ததுதான். வறட்சியால் இறைச்சி மாட்டு மந்தை சுருங்கிவிட்டது. 2024 ஜனவரியில் நாட்டின் மொத்த மாடுகள் 8.72 கோடி, 1951க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. ஹோல்ஸ்டீன் என்ற பால் இனத்தின் காளைக் கன்றைச் சீந்தாத வியாபாரி கருப்புக் கலப்புக் கன்றுக்குக் கொட்டிக் கொடுக்கிறார். ஹோல்ஸ்டீனின் முதுகுக்கறித் துண்டு நீண்டு ஒடுங்கியிருக்கும், உணவகத் தட்டில் எடுபடாது. கலப்பில் அது உருண்டு வருகிறது.

அந்த விலையைப் பார்த்துப் பலர் கிடாரி எண்ணிக்கையை மறந்தார்கள். இப்போது சினைக் கிடாரி வாங்கப் போனால் விலை கேட்டு மலைக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய கிடாரிகளுக்கு மேல் பத்துப் பதினைந்து சேர்த்தே திட்டம் போடுங்கள். ஒரு பருவம் தவறினால் அதன் வலி இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

---

ஈரோட்டுக்_கொட்டகை | 2024 செப்டம்பர் 14

எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வருகிறேன். ஊட்டியில் பாலினம் பிரித்த உறைவிந்து தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் போன வருடம் இரண்டு மாட்டுக்குப் போட்டேன். ஒன்று சினை பிடித்துக் கிடாரி போட்டது, இன்னொன்று நிற்கவில்லை. சற்றுத் தாமதித்துப் போட வேண்டும் என்பதை ஊசி போட வந்தவர் சொல்லவேயில்லை. டாக்டர் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

---

வைக்காட்டோ_பண்ணையாள் | 2024 அக்டோபர் 6

திட்டம் முடிவாகிவிட்டது. டாக்டர் சொன்ன வரிசைதான். மேல்பாதிப் பசுக்களைப் பால் பதிவேட்டையும், முந்தைய ஈற்றில் கஷ்டப்பட்டதா என்ற குறிப்பையும் பார்த்துப் பிரித்தேன். வால் மேட்டில் இரண்டு நிறப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம், ஊசி போட வருகிறவர் குழம்பக் கூடாது என்று. இறைச்சிக்கு ஓர் ஆங்கஸ், ஒரு ஹியர்ஃபோர்டு. இரண்டுமே ஈனும் சிரமத்தில் நல்ல மதிப்பெண், எடையிலும் சராசரிக்கு மேல். முதலாளி மதிப்பெண் பட்டியலை உட்கார்ந்து படித்தார். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஆறு வருடத்தில் அவர் அதைப் படித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

முதல் ஈற்றுக் கிடாரிகளோடு, கன்று சிறியதாக இருக்கும் என்று, எப்போதும்போல ஜெர்சி காளைகளையே விடுகிறோம். அதில் முதலாளி இறங்கி வரவில்லை.

---

வைக்காட்டோ_பண்ணையாள் | 2025 செப்டம்பர் 21

ஒரு வருடமாகிவிட்டது, கணக்கோடு வருகிறேன்.

மொத்தம் 411 கன்றுகள். பாலினம் பிரித்த விந்தில் 180 பசுக்களுக்குப் போட்டதில் 86 கன்று, அதில் 78 கிடாரி. சாதாரணப் பால் விந்தில் இன்னும் 15 கிடாரி. ஆக மந்தைக்கு 93. விஸ்கான்சின் அண்ணன் சொன்ன கூடுதல் பதினைந்து கிடைக்கவில்லை, அடுத்த தடவை ஊசி எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இறைச்சிக் கலப்பில் 170 கன்றுகளை வளர்ப்பவர்கள் எடுத்தார்கள். பெரும்பாலும் ஆகஸ்ட் பத்துக்குள் பிறந்தவை. கன்றை இழுத்து எடுக்க வேண்டியிருந்தது மூன்று பசுக்களுக்கு மட்டும், அதுவும் ஒன்று பின்னங்கால் முன்னால் வந்ததால். 8 செத்தன.

போபி லாரியில் ஏறினது 140. போன பருவம் 245.

லாரி வருகிற காலை இன்னும் இருக்கிறது. அதில் 85 கன்றுகள் முதல் ஈற்றுக் கிடாரிகளுக்குப் பிறந்த ஜெர்சிக் கலப்பு. நான் தொடாமல் விட்ட இடம் அதுதான் என்று பதிவேட்டைப் பார்த்ததும் தெரிந்தது. மிச்சத்தில் பெரும்பாலானவை கடைசியில் பிறந்த சின்ன ஹியர்ஃபோர்டு. அக்கா சொன்னதுபோலவே அவற்றை யாரும் கேட்கவில்லை.

---

கார்க்_புல்வெளி | 2025 செப்டம்பர் 21

ஒரே பருவத்தில் நூறு கன்றுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள், மனம் நிறைந்தது. முதல் ஈற்றுக் கிடாரிக்குப் பிறப்பெடை குறைந்த ஆங்கஸ் காளைகளை இங்கே தயங்காமல் போடுகிறார்கள். முன்பே பல மந்தைகளில் கன்று பதிவான, நம்பகத்தன்மை உயர்ந்த காளையாக இருக்க வேண்டும். புதுக் காளையைக் கிடாரியிடம் சோதிக்க வேண்டாம்.

---

கால்நடை_மருத்துவர்_நாமக்கல் | 2025 செப்டம்பர் 22

அதையே நானும் சொல்ல வந்தேன். கூடவே இன்னொன்று: சினை ஊசி நாளில் கிடாரிகளின் எடையையும் பாருங்கள். முழு வளர்ச்சி எடையில் 60 சதவீதத்தை எட்டாத கிடாரிக்கு எந்த இறைச்சிக் காளையும் வேண்டாம், அவற்றை ஜெர்சியோடே விடுங்கள். எட்டியவற்றில் பாதிக்கு மட்டும் இந்தப் பருவம் ஆங்கஸ் போட்டு, ஈற்றுப் பதிவை முதலாளியிடம் காட்டுங்கள். எண்ணைப் பார்த்தால் ஒப்புக்கொள்கிற மனிதர் என்று தெரிகிறது.

---

தரனாக்கி_அக்கா | 2025 செப்டம்பர் 22

அந்த 170இல் 60 என் கொட்டகையில் நிற்கிறது. தம்பி அனுப்பின தாளில் ஒவ்வொரு காதுப்பட்டைக்கும் எதிரே தகப்பன் எண்ணும், சீம்பால் கொடுத்த நேரமும் எழுதியிருந்தது. பதினோரு வருடத்தில் எனக்கு வந்த முதல் தாள் அப்படி. நேற்று நிறுத்தேன். ஆங்கஸ் கன்றுகள் சில 90ஐத் தாண்டிவிட்டன, 52 நாளில்.

அடுத்த வருடத்துக்கு 80 எடுக்கிறேன். கிடாரிகளின் ஆங்கஸ் கன்றும் அதில் இருக்கலாம், ஆகஸ்ட் பத்துக்குள் பிறந்தால்.

---

வைக்காட்டோ_பண்ணையாள் | 2025 செப்டம்பர் 23

80 உங்களுக்கென்று எழுதி வைத்துவிட்டேன் அக்கா. டாக்டர், கிடாரிகளைச் சனிக்கிழமை எடை போடுகிறோம், முதலாளியும் வருகிறார். எண்களை அன்று இரவே இங்கே போடுகிறேன்.